ஜன்னல் காய்ந்துவிட்டது, அக்கா

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடையும் சௌக்கியம். அங்கே தாங்கள், அத்தான், அத்தானின் இடுப்பு ஆகிய மூவரின் சௌக்கியத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். சென்றமுறை தாங்கள் என் கடையில் செய்துகொண்டு போன மூக்குக் கண்ணாடி காதுக்குப் பின்னால் அழுத்துவதாகச் சொன்னது நினைவிருக்கிறது. அதன் கால்களை வெந்நீரில் சிறிது நேரம் காட்டி வளைத்தால் சரியாகிவிடும். ஆனால் தாங்கள் வளைக்க வேண்டாம். அத்தானை வளைக்கவிடவே வேண்டாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் தாங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். தங்கள் தீர்ப்பில் நான் குற்றவாளியாக இல்லாத நாள் எனக்கு நினைவில்லை. கடிதம் என்றால் கடைசிவரை படித்தாக வேண்டும், நடுவில் புக முடியாது. அதோடு, அக்கா, இந்தத் ‘தாங்கள்’ போட்டு எழுதுவது யாரோ வக்கீலுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. மரியாதை வேண்டிய அளவு செலுத்தியாகிவிட்டது. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் ஜன்னலைப் பற்றியது. ஜன்னலைப் பற்றியது மட்டும் என்றால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். உன் சிநேகிதியைப் பற்றியதும்தான். ரயில் நிலையத்தில் நீ டிக்கெட் கொடுக்கும் ஜன்னலிலும் அவர் அறிவிப்பு மைக்குக்கு முன்னாலும் உட்கார்ந்து அத்தனை வருடம் சேர்ந்து வேலை பார்த்தீர்கள். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, அவருக்கும் ஒரு தம்பியை விட்டால் யாருமில்லை, எனக்கும் வேறு போக்கிடமில்லை என்று சொல்லி, இந்த வயதில் என்னைப் பிடித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வைத்தது நீ. அதற்காக இன்றுவரை நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லலாம் என்று நினைத்த நேரத்தில்தான் குளிர் ஆரம்பித்தது.

என் வீட்டு ஜன்னல்களைப் பற்றி நீ அறிவாய். கண்ணாடிக் கடைக்காரன் வீட்டுக் கண்ணாடி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கும். தனியாக இருந்த இத்தனை வருடத்தில் எந்தக் குளிரிலும் அதில் ஒரு பொட்டு ஈரம் படிந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் காலை கண் விழித்துப் பார்க்கிறேன், எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவனுக்குக் கண் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இருக்கிற கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உன் சிநேகிதி டீயோடு வந்து என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஜன்னல்தான் வியர்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அக்கா, நீ நம்ப மாட்டாய், உள்ளங்கையால் அதைத் துடைத்தார். வெறும் கையால் கண்ணாடியைத் துடைக்கிறவர்களை நான் கடைக்குள்ளேயே விடுவதில்லை. ஆனாலும் எதிர்க் கட்டடம் மறுபடி தெரிந்த சந்தோஷத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாளும் வியர்த்தது. அதற்கு மறுநாளும். தண்ணீர் கோடு கோடாக இறங்கி விளிம்பில் தேங்கி நின்றது. சட்டம் சரியில்லை, எங்கோ இடுக்கு வழியாகக் குளிர் நுழைகிறது என்று நானாக முடிவுகட்டி, தச்சரைக் கூட்டிவந்து வீட்டில் உள்ள எல்லா இடுக்கையும் மக்குப் பூசி அடைக்கச் சொன்னேன். அவரும் ஒரு எறும்பு நுழைய வழியில்லாமல் அடைத்தார். வீடு மூடி போட்ட டப்பா மாதிரி ஆகிவிட்டது. அரிசி வெந்த ஆவி, குளித்த ஆவி, காயப் போட்ட துணியின் ஈரம், எதற்கும் வெளியே போக வழி கிடையாது. மொத்தமும் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. முன்பு கோடாக இறங்கியது இப்போது ஓடையாக ஓடியது. மக்கைச் சுரண்டி எடுக்கத் தச்சரை மறுபடி கூப்பிட்டேன். அடைத்த வேலையைவிடச் சுரண்டுகிற வேலை பெரியது என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொல்ல, எல்லா ஜன்னல் விளிம்பிலும் கிண்ணம் கிண்ணமாக உப்பு வைத்தேன். அன்று பார்த்து உன் சிநேகிதியின் தம்பி வந்திருந்தார். அவர்தான் லாரி பழுது பார்க்கிறவர். அவித்த முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று சாப்பிட்டவர், கிண்ணத்திலிருந்து தாராளமாக எடுத்துத் தொட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஜன்னலிலும் உப்பு வைத்திருக்கிற இப்படி ஒரு வசதியான வீட்டை நான் பார்த்ததே இல்லை என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அடுத்து, லென்ஸ் வருகிற பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் போட்டிருப்பார்களே, கடையில் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் நூலில் கோத்துத் திரைக் கம்பியில் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றிலும் ‘சாப்பிடாதீர்கள்’ என்று அச்சடித்திருக்கும். உன் சிநேகிதிக்குத்தான் எதைப் பார்த்தாலும் அறிவிப்பாக வருமே. நான் சாப்பிட உட்காருகிற போதெல்லாம் அதைப் பார்த்து, ரயில் தாமதமாக வருவதைச் சொல்கிற அதே குரலில், “சாப்பிடாதீர்கள்” என்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரித்தால் ஜன்னல் விஷயத்தில் நான் விளையாட்டாக இருக்கிறேன் என்று ஆகிவிடும் என்று அடக்கிக்கொள்வேன். அப்போது சிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஈரம் அதற்கும் அசையாததால் என் தொழிலைக் காட்டிவிடுவது என்று இறங்கினேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஒரு மருந்து விற்கிறேன் அல்லவா, அதை வீட்டு ஜன்னல் முழுக்கத் தடவினேன். மருந்து வேலை செய்தது. புகை மாதிரி படியவே இல்லை. ஆனால் படிய வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? நேராக வழுக்கிக்கொண்டு இறங்கி, விளிம்பைத் தாண்டி, கீழே வைத்திருந்த செய்தித்தாள் கட்டையும் என் காலுறைகளையும் நனைத்தது. சரி, காற்றாவது வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் பகலெல்லாம் திறந்து வைத்தேன். உன் சிநேகிதிக்குச் சளி பிடித்தது. சளிக்கு ஆவி பிடிக்க வேண்டியதாயிற்று. போர்வையைப் போர்த்திக்கொண்டு கொதிக்கிற பாத்திரத்தின் மேல் அவர் குனிந்திருக்க, நான் பக்கத்தில் துணியோடு நின்று ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போர்வைக்குள்ளிருந்து, நான் வேண்டுமானால் வெளியே போய் ஆவி பிடிக்கட்டுமா என்று ஒரு குரல் வந்தது. அது கேள்வி என்று நினைத்து, பால்கனி என்றால் ரொம்ப நல்லது என்று பதில் சொன்னேன். அக்கா, நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறு, இன்னும் இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீ கேட்கலாம். உன் சிநேகிதியும் கேட்டார், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கு இளைப்பு உண்டு, ஈரம் ஆகவே ஆகாது, பார்த்துக்கொள் என்று சொன்னாய். நான் தலையாட்டினேன். ஒருநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது, ஜன்னலுக்குக் கீழே, அவர் தலையணைக்கு நேர் பின்னால், சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர ஆரம்பித்திருந்ததைப் பார்த்தேன். அவர் தூங்கும்போது மூச்சில் லேசாக ஒரு விசில் சத்தம் வரும். அதுவரை அது எனக்குப் பிடித்த சத்தம். அன்றிலிருந்து அதைக் கேட்டாலே பயம். பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் தனியாக இருந்தவனுக்கு யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அக்கா. ஜன்னலைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. ஆகவே ஜன்னலைப் பற்றியே பேசினேன்.

கட்டிலை உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டால் அவர் தலை ஈரத்திலிருந்து தப்பும். ஆனால் கட்டிலை நகர்த்தினால் என் அலமாரியைத் திறக்க முடியாது. அப்படி நகர்த்துவதானால் அவசியம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று என் தொழில் புத்தி சொன்னது. ஒருநாள் நான் கூடத்தில் படுத்தேன், அடுத்த நாள் அவரைக் கூடத்தில் படுக்கச் சொன்னேன். இரண்டு நாளும் காலையில் படுக்கையறை ஜன்னலைத் துணியால் துடைத்துப் பிழிந்து, இருமல் மருந்து மூடியில் அளந்து பார்த்தேன். எதற்கு இது என்று அவர் கேட்டபோது, பொறுங்கள், ரிசல்ட் வரட்டும் என்றேன். இரண்டாம் நாள் காலை டீ குடிக்கும்போது ரிசல்ட்டைச் சொன்னேன்.

“ரெண்டு பேர்ல உங்க மூச்சுலதாங்க ஈரம் ஜாஸ்தி.”

இதற்கு மேலும் ஒரு பாதி இருந்தது, அக்கா. அதனால் கட்டிலை உள்ளே நகர்த்திவிடலாம், அலமாரி கிடக்கட்டும், உங்களுக்கு இளைப்பு வராமலிருந்தால் போதும் என்பது அந்தப் பாதி. கடையில் எனக்கு இதுதான் பழக்கம். பவர் ஏறியிருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுவேன். வந்தவர் முகம் வெளுக்கும். பிறகு, பயப்பட ஒன்றுமில்லை, வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று நிதானமாகச் சொல்வேன். அன்று அந்த நிதானத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. தன் மூக்குக் கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு வாத்தியார் கடை வாசலில் நின்றுகொண்டு போன் போட்டார், அவருக்கு இன்னும் சற்று நேரத்தில் பரீட்சை மேற்பார்வையாம். நான் ஓடினேன். மீதிப் பாதி என் வாயிலேயே தங்கிவிட்டது. மாலை வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மாலை வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. உனக்குத் தெரியாததா, உன் சிநேகிதி இருக்கிற இடம் அமைதியாக இருக்காது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கீழ்வீட்டுக்காரர்கள் பிள்ளை எந்தப் பாடத்தில் தேறவில்லை, பால்காரர் ஏன் தாமதம், தனக்கு வந்த கனவில் உன் தலைமுடி ஏன் பச்சையாக இருந்தது என்று எல்லாம் சொல்லி முடித்திருப்பார். நான் ‘ம்’ போட்டுக்கொண்டிருப்பேன். அன்று அவர் ‘ம்’ போட்டார். நான் கேட்டால் தலையாட்டல், இல்லையென்றால் கை ஜாடை. கோபம் என்று நினைத்து, ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதைத் தற்செயலாகக் கவனித்தேன். ஜன்னலை நெருங்கியதும் சால்வை நுனியால் வாயைப் பொத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைக் கடந்த பிறகு விட்டார். என்னைக் கேலி செய்வதற்காகச் செய்யவில்லை, நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. நிஜமாகவே என் ஜன்னல் நனையக் கூடாது என்று செய்தார். அங்கேயே போய் நிறுத்திப் பேசியிருக்க வேண்டும். நானோ துணியை எடுத்துக்கொண்டு போய் வேறு எதையோ துடைத்தேன்.

அடுத்த நாள் அவர் தம்பி பெண்சாதிக்கு முழங்கால் வலி, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பையோடு கிளம்பிவிட்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். ரயில் என்றால் நிமிடக் கணக்கில் சொல்கிறவர், வாசலில் நின்று பையைக் கை மாற்றிக்கொண்டார்.

“தெரியலீங்க. உங்க ஜன்னல் காயட்டும்,” என்றார்.

காய்ந்துவிட்டது, அக்கா. அவர் போன மறுநாளே காய்ந்துவிட்டது. நான் பழையபடி வெளியே சாப்பிடுகிறேன், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன், துணியைச் சலவைக்குப் போடுகிறேன். காலையில் கண் விழித்தால் எதிர்க் கட்டடம், அதில் மாடிக்கு மாடி காயும் துணி, அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. நான் வாழ்நாளெல்லாம் கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அப்படி இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. நேற்றுக் கெட்டிலில் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ போடவில்லை. ஜன்னல் கொஞ்சம் மங்கியது, பிறகு தெளிந்துவிட்டது.

இப்போது என் கோரிக்கை. நீ அவருக்குப் போன் போட்டுப் பேச வேண்டும். நான் போக முடியாது. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதோடு அவர் தம்பி கையில் எந்நேரமும் ஸ்பேனர் இருக்கிறது. நீ பேசினால் கேட்பார். ஜன்னல் காய்ந்துவிட்டது, தயங்காமல் திரும்பி வரலாம் என்று சொல். நான் சொன்னதில் மீதிப் பாதி இருக்கிறது என்று சொல். அப்படியே பக்குவமாக, நான் சொன்னதாக இல்லாமல் நீயே சொல்வதுபோல, பாத்திரத்துக்கு மூடி போட்டுச் சமைக்கவும், குளியலறைக் கதவைச் சாத்திவைக்கவும், ஈரத் துணியைப் பால்கனியில் போடவும், கண்ணாடியைத் தப்பித் தவறியும் கையால் துடைக்காமலிருக்கவும் சொல்லிவிடு. இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லலாம். மறுத்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் துணிச்சல் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய இடுப்புக்கு என் அனுதாபம். உனக்கும் உன் வீட்டுக்கும் ஒரு குறையும் வராமலிருக்கட்டும். இந்த வயதிலும் தம்பியை ஆசீர்வதிக்க ஒரு அக்கா இருக்கிறாள் என்கிற தைரியத்தில் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. போன் போடாதே. மூடி, கதவு, பால்கனி என்று எழுதிய இடத்தைப் படிக்காமல் தாண்டிவிடு, படித்திருந்தால் மறந்துவிடு. உறையை ஒட்டித் தபால் பெட்டிவரை போனேன். நீ இதைப் படித்து, எனக்குத் தண்டனை கொடுத்து, பிறகு அவரிடம் பேசி, இதெல்லாம் ஆக எத்தனை நாள் பிடிக்கும் என்று தோன்றியது. எதிரே அந்தப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன். இப்போது உறையைப் பிரித்து இதை அவர் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கதவைத் திறந்தது தம்பி பெண்சாதி. முழங்கால் வலிக்காரர், முக்காலி மேலே நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தவர், எட்டிக் குதித்து வந்து திறந்தார். என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்து நொண்டினார். சமையலறையில் உன் சிநேகிதி மூடி போடாத பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஜன்னல் தாரை தாரையாக வழிகிறது, விளிம்பில் ஒரு பழைய துண்டைப் போட்டுவிட்டு யாரும் அதைச் சட்டை செய்வதாகவே தெரியவில்லை. நானும் என் பையிலிருக்கும் துணியைத் தொடவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஜன்னல் எப்படி இருக்கு?”

“காஞ்சு கெடக்கு.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் அடுப்பை அணைத்தார். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், மீதி இருக்கிறது என்றேன். சொல்லுங்கள் என்றார். கட்டிலை நேற்றே நகர்த்திவிட்டேன், அலமாரி திறக்காது, பரவாயில்லை என்றேன். தலையணைக்குப் பின்னால் பூஞ்சையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, அன்றிலிருந்து நீங்கள் தூங்கும்போது மூச்சு சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன் என்றேன். இவ்வளவையும் லாரிக்காரத் தம்பியும் நொண்டுகிற பெண்சாதியும் வாசல்படியில் நின்று கேட்டார்கள், எனக்கு வெட்கமாக இல்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, இதைச் சொல்லவா ஒரு மனுஷனுக்கு இத்தனை நாள் என்று ஆரம்பித்தார். உப்பில் தொடங்கி, பால்கனியில் ஆவி பிடிக்கச் சொன்னதுவரை வந்து, இப்போது பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டே உன்னைத் திட்டுவதில் போய்ச் சேர்ந்திருக்கிறார், இப்படி ஒரு தம்பியைக் கட்டி வைத்ததற்கு உன்னையும் ஒரு கை பார்ப்பாராம்.

ஆகவே நீ பேச வேண்டாம், அக்கா. அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.